எம் 417 உடைக்கப்பட்ட நாள்

1958 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. காலை மணி 9.10.

மலாக்கா போலீஸ் நிலையத்துக்குள் வந்த விநாயகம் பிள்ளை நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். நின்றபடியே, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு தகரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சம்மட்டியடி பட்டு நசுங்கிய எண் பலகை. எம் 417.

டிடெக்டிவ் சார்ஜண்ட் கருணாகரன் அதைத் தொடாமல் பார்த்தார். மலாக்காச் செட்டிகள் வாழும் காஜா பெராங் வட்டாரத்தில் அந்த எண்ணை அறியாதவர் இல்லை. 1934இல் பிள்ளையின் தகப்பனார் வாங்கிய ஆஸ்டின் கார் அது. செட்டி கம்பம் என்ற அந்தக் குடியிருப்பில் கல்யாணம் எதுவானாலும் மணப்பெண் அந்தக் காரில்தான் கோவிலுக்குப் போவாள். ஜப்பான்காரன் காலத்தில் தென்னை ஓலைக்கும் விறகுக்கும் அடியில் மூன்றரை வருடம் ஒளிந்து கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன், சுதந்திர நாள் எது என்று அறிவித்த அன்று, பண்டா ஹிலிர் திடலுக்கு ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு முக்கி முனகிப் போனது. அந்த ஒன்பது பேரில் கருணாகரனும் ஒருவர். பின்சீட்டில் யாரோ ஒருவருடைய முழங்கால் விலாவில் குத்தியது இன்னும் அவருக்கு நினைவிருந்தது.

"உடைத்துவிட்டார்கள்" என்றார் பிள்ளை. "உடைக்கக் கொடுத்தது என் மகன் கணேசமூர்த்தி. என் கையெழுத்தைப் போட்டு ஐந்நூறு வெள்ளிப் பணம் வாங்கியிருக்கிறான். புகார் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜான்."

பேச்செல்லாம் மலாயில். மலாக்காச் செட்டிகளின் பெயர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச்சாமி. வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய மலாய். நானூறு வருடமாக அப்படித்தான்.

"மகன்தான் என்று எப்படித் தெரியும்?"

"ஆறு மாதமாக அவனுக்கு அதே பேச்சு. பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் டாக்சிக் கம்பெனிக்காரன் ஐந்நூறு தருகிறான், அதை வைத்துப் புது டீசல் டாக்சி வாங்கலாம் என்று. முடியாது என்று நானூறு தடவை சொல்லிவிட்டேன். பிரேக் மாற்ற நடராஜன் பட்டறையில் விட்டிருந்தேன். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றான். சனிக்கிழமை எடுக்கப் போனேன். போன மாதமே உங்கள் மகன் உடைக்கக் கொடுத்துவிட்டாரே என்றான். கம்பெனிக்குப் போனேன். இந்தத் தகரத்தையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தார்கள்."

"கடிதத்தில் என்ன இருக்கிறது?"

"கீழே என் கையெழுத்து இருக்கிறது. அதன் வளைவு மட்டும் என் கண்ணுக்குத் தெரிந்தது. போதும்."

"படிக்கவில்லையா?"

"என் கண்ணுக்கு எழுத்துத் தெரிந்து மூன்று வருடம் ஆயிற்று. என் வீட்டு மானத்தை அடுத்தவனை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கவா?" பிள்ளை சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துத் தகரத்தின் பக்கத்தில் வைத்தார். "சனிக்கிழமை மாலையே அவனை வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். என் வீட்டுத் திருடனை நானே பிடித்துக் கொடுக்கிறேன். நாளைக்கு ஒருவன் வந்து விநாயகம் பிள்ளை மூடி மறைத்தார் என்று சொல்லக் கூடாது."

கருணாகரன் அவர் முகத்தைப் பார்த்தார். இரண்டு இரவு தூங்காத முகம். முதுகு மட்டும் வளையவில்லை.

"புகாரில் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் வழக்கு. உங்கள் மகன் ஜெயிலுக்குப் போனாலும் போகலாம். வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்கள், பிள்ளை."

"வியாழக்கிழமை காலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். தகரத்தை விட்டுவிட்டுப் போனவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கடிதம் மலாயில், பெரிய எழுத்துகளில் கவனமாக எழுதப்பட்டிருந்தது.

'கம்பெனித் துரைக்கு. என் ஆஸ்டின் வண்டி எம் 417ஐ உடைக்கக் கொடுக்கிறேன். இன்று போகி, பழையதைக் கழிக்கும் நாள். நல்ல நாளிலேயே நடக்கட்டும். வண்டியை நடராஜன் கொண்டுவருவார். பணத்தை அவரிடம் கொடுத்து என் மகன் கணேசமூர்த்தியிடம் சேர்க்கச் சொல்லவும்.'

தேதி 13.1.1958. கீழே நடுங்கின கையில் விநாயகம் பிள்ளையின் கையெழுத்து.

கருணாகரன் அதை இரண்டு முறை படித்தார். அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில். போகியன்று விடியுமுன் லயத்து வாசலில் கிழிந்த பாய், ஓட்டை முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் எரியும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று குளிர் காய்ந்துவிட்டுப் போவார்கள். பழைய காருக்கும் அப்படி ஒரு நல்ல நாள் பார்த்திருக்கிறான் பையன் என்று நினைத்துக்கொண்டார்.

அப்படி நினைத்ததற்காகப் பிறகு அவர் வெகு நாள் வெட்கப்பட்டார்.

காலை மணி 11.00.

நடராஜனின் பட்டறை காஜா பெராங் சாலை ஓரத்தில், ஒரு நாவல் மரத்தடியில் இருந்தது. நடராஜனும் கருணாகரனும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் போலீஸில் சேர்ந்தார், ஒருவர் ஸ்பேனர் பிடித்தார்.

"வா கருணா. தே குடிக்கிறியா? போலீஸ் வேலையா வந்திருக்கியா, சும்மாவா?"

"வேலையாத்தான். பிள்ளை வண்டி விசயம்."

நடராஜன் கையைத் துணியில் துடைத்தான். "அத ஏன் கேக்குற. மனசே சரியில்ல. இருபது வருசமா நான் பாத்த வண்டி."

"யார் வந்து கேட்டது?"

"கணேசுதான். போகியன்னிக்குக் காலையில ஒரு பத்து மணி இருக்கும். லெட்டரக் குடுத்தான். அப்பாவே ஒத்துக்கிட்டாரு, நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க அண்ணேன்னான். பத்தரைக்கெல்லாம் கம்பெனியில விட்டேன்."

"ஓட்டிக்கிட்டா போனே?"

"பின்ன? தானா ஓடி வந்தாத்தான் எடுப்பாங்க. அது சட்டம். இல்லன்னா குப்பையில கெடக்குற வண்டியெல்லாம் இழுத்துக்கிட்டு வந்து ஐந்நூறு கேப்பான் ஒவ்வொருத்தனும்."

"பணம்?"

"திரும்பி வந்து கணேசு கையில குடுத்தேன். இங்கதான், இந்த மரத்தடியில."

"யாராவது பார்த்தாங்களா?"

"போகியன்னிக்கு எவன் கடை திறந்து வச்சிருந்தான்? நானே அரை நாள்தான்." கொஞ்சம் நிறுத்தி, "தம்பிய ஒண்ணும் பண்ணிறாத கருணா. சின்னப் பையன். அப்பன் ரெண்டு அடி அடிச்சா தீந்துபோகும்" என்றான்.

கருணாகரன் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். முன்பு ஆறு ஏழு கார் நிற்கும் இடத்தில் இப்போது ஒன்றுதான் நின்றது. மூலையில் ஒரு படகின் பித்தளைச் சுழல்விசிறி சாய்ந்திருந்தது.

"இது என்ன, படகு வேலை வேறயா?"

"உஜோங் பாசிர் கடக்கரை மலாய்க்காரரு ஒருத்தர் நேராக்கக் குடுத்தாரு. கார் எங்க வருது? ஆறு மாசத்துல பதினெட்டு வண்டி உடைச்சாச்சு. பதினெட்டும் என் பட்டறை வண்டிங்க. புது வண்டிய கம்பெனிக்காரனே பாத்துக்குவான். பொகை கொறஞ்சுச்சு, பிரேக்கு நல்லாருக்குன்னு எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு?"

கருணாகரன் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பிற்பகல் மணி 2.30.

வண்டிகளை உடைக்கும் இடம் பத்து பெரெண்டாமில், விமானத் திடலுக்குப் போகும் வழியில் இருந்தது. தகரக் கொட்டகையில் குமாஸ்தா பொன்னுதுரை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே சம்மட்டி ஓசை.

"ஓம், பதின்மூண்டாந் திகதி நான்தான் எடுத்தனான். நடராஜன் கொண்டுவந்தவர். கடிதம் இருந்தது, கையெழுத்து இருந்தது. வேற என்ன வேணும்?"

"கையெழுத்து பிள்ளையுடையதுதான் என்று எப்படிப் பார்த்தீர்கள்?"

"போன செப்டம்பரில பிள்ளை வந்து விலை விசாரிச்சவர். மகன் இழுத்துக்கொண்டு வந்தவன். விசாரணைப் படிவத்தில கையெழுத்து வச்சிட்டு, ரெண்டு நாளால வந்து வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். அந்தப் படிவம் என்னட்டை இருக்குது. ஒத்துப் பாத்தனான். ஒரே மாதிரி."

அப்படியானால் கையெழுத்தைப் பார்த்து எழுதக்கூடியவர்கள் மூன்று பேர். மகன். பட்டறைச் சீட்டுகளில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கும் நடராஜன். படிவத்தை வைத்திருக்கும் பொன்னுதுரை. கருணாகரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?"

"கடிதத்தில் போகி என்று எழுதியிருக்கிறதே, அன்றைக்குக் கூட்டமா?"

"என்ன போகி? அடுத்த நாள் பொங்கலுக்கு நான் லீவு. திங்கட்கிழமை வழக்கமான வேலை நாள். ஒரு வண்டிதான் வந்தது."

"ஓடித்தானே வந்தது?"

பொன்னுதுரை கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "வந்தது" என்றார். எப்படி வந்தது என்று சொல்லவில்லை.

மாலை மணி 4.15.

கணேசமூர்த்தி அதே பகுதியில் ஒரு நண்பன் வீட்டு வராந்தாவில் இருந்தான். இருபத்திரண்டு வயது. துணிப்பையில் இரண்டு சட்டை. அப்பா அனுப்பியபோது எடுக்க நேரம் கிடைத்தது அவ்வளவுதான்.

"நான் விற்கவில்லை, சார்ஜான்."

"விற்க ஆசைப்பட்டாய்."

"ஆசைப்பட்டேன். இப்போதும் ஆசைதான். போன வருடம் புக்கிட் காதில் குன்றின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு பழைய டாக்சி பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் ஏறியதே. அந்த டாக்சிக்காரர் என் சிநேகிதனுடைய அப்பா. அவர் இன்னும் வெளியே தலை காட்டவில்லை. என் அப்பாவுக்குக் கண் தெரியாது, வண்டிக்குப் பிரேக் இல்லை. இரண்டும் சேர்ந்து மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறது. நான் வேறென்ன சொல்வது?"

"போகியன்று பத்து மணிக்கு எங்கே இருந்தாய்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வாழை இலை வாங்க பசாருக்குப் போனேன். பொங்கல் வருகிறதென்று இலைக்குத் தட்டுப்பாடு. திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று."

"யாரோடு?"

"தனியாக."

இது நல்ல பதில் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டான்.

பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. காலை மணி 10.00.

பிள்ளையின் வீட்டில் பிள்ளை இல்லை. கோவிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கண்ணம்மாவைக் கம்பத்தில் எல்லோரும் மரியாதையாகப் பிபிக் என்பார்கள். கெபாயா மேற்சட்டையும் சரோங்கும், கொண்டையில் மூன்று ஊசி. வந்தவருக்குக் காப்பியும் இரண்டு குவேப் பலகாரமும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் நீதிமன்றப் படி ஏறியதில்லை."

"சாட்சி வேண்டாம் பிபிக். சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். அந்தக் காரைப் பற்றிச் சொல்லுங்கள்."

அவர் முகம் இளகியது. "மாமனார் அதைத் தினமும் குளிப்பாட்டுவார், குழந்தைக்குச் செய்கிற மாதிரி. நான் கல்யாணமாகி வந்ததும் அதில்தான். எங்கள் கல்யாணத்தில் மஞ்சள் அரிசி தூவுவோமே, இருபது வருடத்து அரிசியும் அந்தச் சீட்டுத் தையலுக்குள் இருக்கிறது. எத்தனை தட்டினாலும் போகாது. மழைக்காலத்தில் முளைத்துவிடுமோ என்று அவரைக் கேலி செய்வேன்." சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பாவம், அவர் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது."

கருணாகரன் காப்பியைக் குடித்தார். பேச்சை நீட்டுவதற்காகத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"போகிக்கு வீட்டில் என்ன என்ன பழையதை எறிந்தீர்கள்?"

பிபிக்கின் முகம் மாறியது. தட்டை நகர்த்தி வைத்தார்.

"எதை எறிய?"

"பழைய பாய், பழைய சாமான்..."

"சார்ஜான், நீங்கள் படித்தவர். இப்படிக் கேட்கலாமா? அன்றைக்குப் பார்ச்சு. செத்துப்போன எங்கள் பெரியவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற நாள். அவர்களுக்கு இலை போட்டு, பிடித்த கறி எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டுக் கூப்பிடுவோம். அவர்கள் தொட்ட சாமானை அன்றைக்கு நகர்த்தக்கூட மாட்டோம். அவர்கள் வந்து தேட மாட்டார்களா? அன்றைக்குப் போய் எறிவதா? யார் வீட்டில் அப்படிச் செய்கிறார்கள்?"

கருணாகரன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்கள் வீட்டில்" என்றார். "எங்கள் ஆட்கள் வீட்டில்."

"போகியிலா?"

"போகியில்."

"அடோய்" என்று அங்கலாய்த்தார் பிபிக், நிஜமாகவே வருத்தப்பட்டு. "உங்கள் பெரியவர்கள் எங்கே போய் உட்காருவார்கள்?"

பிற்பகல் மணி 12.20.

பத்து பெரெண்டாம் கொட்டகைக்குப் பின்னால், உடைத்த வண்டிகளின் சீட்டுகளைத் தனியே அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் நாரை மெத்தைக்காரர்கள் மாதத்துக்கு ஒரு முறை வந்து வாங்கிப் போவார்கள். இந்த மாதம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் சுண்ணாம்பில் எண் எழுதியிருந்தது.

கருணாகரன் 417ஐ இழுத்துப் போட்டு, பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தார். பொன்னுதுரை பக்கத்தில் நின்று பார்த்தார்.

மஞ்சள் அரிசி ஒரு மணிகூட இல்லை. கடல் மணல் கொட்டியது. அதோடு நகம் போல் காய்ந்த மீன் செதிள்கள்.

"பொன்னுதுரை, இது பிள்ளையின் வண்டியே இல்லை. வந்தது ஓடியும் வரவில்லை."

குமாஸ்தா அந்த மணலைச் செருப்பால் ஒதுக்கினார். பிறகு, "நடராஜன் லொறியில கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்" என்றார். "எல்லாம் துருப்பிடிச்ச எலும்புக்கூடு. மாசத்துக்கு இத்தனை வண்டி உடைக்கவேணும் எண்டு மேலிடத்து உத்தரவு. ஓடுதோ ஓடேல்லையோ எண்டு பாத்தால் கணக்கு நிரம்பாது. எண் பலகை சரி, கடிதம் சரி. நான் எடுத்திட்டன். பிழைதான்."

"எத்தனை வண்டி இப்படி?"

"என்னைக் கேக்காதேங்கோ. ரெண்டு நாளால எழுதித் தாறன்."

பிப்ரவரி 5, புதன்கிழமை. காலை மணி 8.40.

நடராஜன் அப்போதுதான் பட்டறைக் கதவைத் திறந்திருந்தான்.

"தே சொல்லவா?"

"வேண்டாம். உட்காரு." கருணாகரன் நின்றுகொண்டார். "பிள்ளை வண்டி உடையல. நீ உடைக்கக் குடுத்தது கடலோரத்துல கிடந்த ஒரு எலும்புக்கூடு. அதுல 417 பலகையை மாட்டி, லாரியில கட்டி இழுத்துட்டுப் போனே. லெட்டரும் நீ எழுதுனதுதான்."

நடராஜன் சிரிக்கப் பார்த்தான். "கணேசு சொன்னானா? கருணா, அவன் சொல்றத..."

"கணேசு ஒண்ணும் சொல்லல. லெட்டர்ல இருக்கு. இன்று போகி, பழையதைக் கழிக்கும் நாள்னு ஒரு வரி."

"அதுல என்ன தப்பு? போகி பழசக் கழிக்கிற நாளுதானே."

"உனக்கும் எனக்கும். நாம ரெண்டு பேரும் ஒரே லயத்து வாசல்ல பாய் கொளுத்துனவங்க. அந்த வரியை நான் எழுதியிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன். படிச்சப்போ எனக்கு ஒண்ணும் தோணல. மனசு உருகிடுச்சு. ஆனா செட்டி வீட்டுல அன்னிக்குப் பெரியவங்க சாப்பிட வர்ற நாள். துடைப்பத்தக்கூட எறிய மாட்டாங்க. அப்பா வண்டிய அன்னிக்கு உடைக்கக் குடுக்குறேன்னு பிள்ளை எழுத மாட்டாரு. அவர் பேருல எழுதுற மகனும் எழுத மாட்டான். போகின்னா கழிக்கிறதுன்னு அந்த வீட்டுல யாருக்கும் தெரியவே தெரியாது. பிபிக்கை நேத்துக் கேட்டேன். வெளிய அனுப்பாத குறைதான்."

நடராஜன் தரையைப் பார்த்தான்.

"பொன்னுதுரைகிட்டயும் கையெழுத்து இருந்துச்சு. ஆனா அவருக்குப் போகின்னா என்னன்னே தெரியல. வழக்கமான வேலை நாளுன்னாரு. மிச்சம் ஒரே ஆளு. தானா ஓடி வந்துச்சுன்னு எங்கிட்டப் பொய் சொன்னதும் நீதான். சீட்டுக்குள்ள கடல் மணல். உன் மூலையில படகு விசிறி." கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். "எஞ்சின் எங்கடா?"

நடராஜன் மூலையில் இருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உஜோங் பாசிர்ல. படகுல. அந்த மலாய்க்காரருக்கு ஒண்ணும் தெரியாது, நம்பி வாங்குனாரு. வண்டி பாடிய மூவார்ல பிரிச்சு வித்தாச்சு."

"ஏன்?"

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நல்ல நல்ல எஞ்சினு. என் கையால பிஸ்டன் மாத்துனது, என் கையால வால்வு தேச்சது. கொண்டுபோய் விடுவேன், கண்ணு முன்னாடி சம்மட்டியப் போடுவான். இதுவும் இன்னிக்கோ நாளைக்கோ அங்கதான் போகப்போகுது, கணேசு விட மாட்டான்னு நெனச்சேன். கம்பெனிக்கு ஒரு எலும்புக்கூடு, படகுக்கு ஒரு எஞ்சினு. எனக்கு ரெண்டு காசு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பனும் மகனும் ரெண்டு நாள் சண்டை போடுவாங்க, வீட்டு விசயம் வீட்டோட போயிரும்னு கணக்குப் போட்டேன். பெத்த மகனப் போலீஸ்ல குடுப்பாருன்னு யாருக்குடா தெரியும்?"

"அவரைப் பத்தித் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும்" என்றார் கருணாகரன். "நீ கிளம்பு. கதவைப் பூட்டிக்க, நான் நிக்கிறேன்."

நடராஜன் பூட்டைத் தேடினான். சாவியை இரண்டு முறை தலைகீழாக நுழைத்தான். கருணாகரனே வாங்கிப் பூட்டினார். முப்பத்தைந்து வருடச் சிநேகிதத்தில் அவர் அவனுக்குச் செய்த கடைசி உதவி அது.

பிப்ரவரி 6, வியாழக்கிழமை.

காலை எட்டரை மணிக்கே விநாயகம் பிள்ளை வந்துவிட்டார். கருணாகரன் நடந்ததைச் சொன்னார். பிறகு கடிதத்தை எடுத்து, அவர் கேட்காமலேயே, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் படித்துக் காட்டினார்.

போகி என்ற வரி வந்தபோது பிள்ளை கையை உயர்த்தினார்.

"திரும்பப் படியுங்கள்."

படித்தார்.

சனிக்கிழமையன்று கம்பெனி வாசலில் யாராவது ஒருவனை அந்த ஒரு வரியைப் படிக்கச் சொல்லியிருந்தால் போதும்; மகன் வீட்டை விட்டுப் போயிருக்க மாட்டான். பெரிய மனிதர் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படகுக்காரர் காசு கொடுத்து வாங்கியவர்" என்றார் கடைசியில். "வழக்கு முடிந்ததும் எஞ்சின் அவரிடமே இருக்கட்டும். அதைப் பிடுங்கி வந்து நான் எதில் பூட்டுவேன்?" சற்றுப் பொறுத்து, "கணேசமூர்த்தி எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

பகல் பதினோரு மணிக்குப் பொன்னுதுரையின் வாக்குமூலத்தை வாங்கக் கருணாகரன் கம்பெனிக்குப் போனபோது, அப்பாவும் மகனும் குமாஸ்தாவின் மேசைக்கு முன் நின்றார்கள். இடையில் இரண்டு ஆள் நிற்கும் அளவு இடைவெளி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேசைமேல் புது டீசல் டாக்சிக்கான விண்ணப்பம். புக்கிட் காதிலில் இருந்த பழத்தோட்டத்தில் பாதியை விற்று முன்பணம் கட்டப்போவதாகப் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழைய வண்டிக்கான ஐந்நூறு வெள்ளி கிடைக்காது, பிள்ளை" என்றார் பொன்னுதுரை தம் மலாயில், கூச்சத்தோடு. "அதற்கு உடைக்க ஒரு வண்டி வேண்டும்."

"நான் கேட்டேனா?"

பொன்னுதுரை பேனாவை மையில் தொட்டார். "உரிமையாளர் பெயர்?"

"கணேசமூர்த்தி. விநாயகம் பிள்ளை மகன்."

மகன் திரும்பிப் பார்த்தான். அப்பா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரிமையாளர் முகவரி?"

கணேசமூர்த்தி தயங்கினான். "பத்து பெரெண்டாம். இங்கேதான், நண்பன் வீடு. எண்..."

பொன்னுதுரை எழுதத் தொடங்கினார்.

"அடித்துவிடுங்கள்" என்றார் விநாயகம் பிள்ளை.

பேனா நின்றது.

"பையனுக்குத் தன் வீட்டு முகவரி மறந்துபோயிற்று. காஜா பெராங் என்று எழுதுங்கள்." குரல் எப்போதும் போல் விறைப்பாகத்தான் இருந்தது. "சீக்கிரம் எழுதுங்கள். இவன் அம்மா சமைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்."